பந்தைப் பார்க்காமல் ஆட்டம் பார்த்த நாள்

அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிபவரை) காத்து நிற்கும் கல்லூரி லைன்மேன்களை, தொழில்முறை அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் டிராஃப்டுக்கு முன்பு நேரில் பார்த்து எடைபோட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குக் கிடைத்த பாடம் அலபாமாவின் மொபைல் நகரில், ஒரு பெரியவரின் பக்கத்து இருக்கையில்.

சீனியர் பவுல் வாரம் அது. டிராஃப்டுக்கு வரும் கல்லூரி ஆட்டக்காரர்களை அங்கே வரவழைத்து, தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகளின் கண்ணெதிரே பயிற்சி நடத்துவார்கள். சனிக்கிழமை ஆட்டத்தைவிட அந்தப் பயிற்சிதான் முக்கியம். அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் பலர் ஆட்டத்துக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன். உயரம், எடை, கை நீளம். டேக்கிள், அதாவது லைன்மேன் வரிசையின் ஓரத்தில் ஆடுபவனுக்குக் கை 33 அங்குலமாவது வேண்டும் என்பது பல அணிகளின் பழைய கணக்கு. கை நீண்டிருந்தால் பாய்ந்து வருபவனின் நெஞ்சை முதலில் தொடலாம் என்பதுதான் காரணம். அதற்குக் குறைந்தவர்களின் பெயர்களுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன்.

பெரியவர் பல வருடம் கல்லூரி ஸ்கவுட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஜோ தாமஸின் கை எவ்வளவு நீளம் தெரியுமா?" என்றார். 32.5 அங்குலம். 2007 டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டு, கிளீவ்லேண்டுக்காகத் ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடி, ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன டேக்கிள். நான் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சி தொடங்கியது. நிஜ ஆட்டத்தில் டேக்கிளுக்குப் பக்கத்தில் கார்டு துணை இருப்பான். பந்தும் சீக்கிரம் குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் போய்விடும். இங்கே துணை கிடையாது, எதிராளிக்கோ இரண்டு பக்கமும் திறந்த வெளி. அதனால் லைன்மேன் தோற்பது பெரிய தப்பில்லை, எப்படித் தோற்கிறான் என்று பார் என்றார்.

முதலில் காலைக் காட்டினார். டேக்கிள் பின்வாங்கும்போது வெளிக்கால் முன்னதாகப் போக, உள்கால் அதைத் தொடர வேண்டும். இரண்டு குதிகாலும் ஒட்டிவிட்டால் ஆள் நட்டுவைத்த ஒற்றைக் கம்பம்தான், ஒரு தள்ளு போதும். அடுத்து முழங்கால். அழுத்தம் வரும்போது முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்துகிறவன் நிற்பான். இடுப்பிலிருந்து குனிகிறவன் விழுவான். கபடி பார்த்து வளர்ந்த எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. பாடி வருபவனின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்றுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

சிறிய கல்லூரியிலிருந்து வந்த ஒரு பையன். முதல் மோதலிலேயே எதிராளி அவன் நெஞ்சில் கையைக் கொடுத்துத் தூக்கி, மல்லாக்கத் தள்ளிவிட்டான். கூட்டம் ஓவென்று கத்தியது. இவன் அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெரியவர் பேனாவைத் திறக்கவே இல்லை. "இரு" என்றார்.

பையன் எழுந்து, கையுறையில் ஒட்டிய கறுப்பு ரப்பர் துகள்களைத் தட்டிவிட்டு, கோச்சிடம் போய் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி ஏதோ கேட்டான். கோச் அவன் முழங்கையைப் பிடித்து விலாவோடு ஒட்டி வைத்தார், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வரிசையில் போய் நின்ற பையனின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மறுபடி அதே எதிராளி, அதே தள்ளு. இந்த முறை பையனின் கை முந்திக்கொண்டு, கீழிருந்து மேலாக உள்ளே போனது. இரண்டடி சறுக்கினான். மூன்றாவது அடியில் பாதம் ஊன்றியது, இடுப்பு இறங்கியது, நின்றுவிட்டான்.

அப்போதுதான் பெரியவர் எழுதினார். ஒரே வரி: "சொன்னதும் திருத்திக்கொள்கிறான்."

குவின் மைனர்ஸ் 2021இல் பெயர் வாங்கியதும் இதே மொபைலில்தான். டிவிஷன் 3 என்ற கீழ்நிலைப் பிரிவுக் கல்லூரிக்காரர், கொரோனாவால் முந்தைய பருவம் முழுக்க ஆட்டமே இல்லாதவர். கார்டு ஆடிப் பழகியவர் அந்த வாரம் வரிசையின் நடுவில் ஆடும் சென்டராகவும் நின்று காட்டினார். டென்வர் 98ஆவதாக எடுத்தது. 2024இல், பருவத்தின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் இடம்பிடித்தார்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு நண்பர்:

எனக்கு நேரில் பார்க்கும் வாய்ப்பு இல்லை, டிவிதான். 2018 கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனையில்) ஓக்லஹோமாவின் ஆர்லாண்டோ பிரவுன் 40 கெஜத்தை 5.85 வினாடியில் ஓடினார், 102 கிலோவை 14 முறைதான் தூக்கினார். இவர் தேறமாட்டார் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் அவருடைய கல்லூரி ஆட்டங்களை மறுபடி போட்டு, பந்து போகும் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அவரை மட்டும் பார்த்தேன். மெதுவாகத்தான் நகர்கிறார், ஆனால் அவரைச் சுற்றி ஓடிவர ஒரு ஊரையே சுற்ற வேண்டியிருக்கிறது! மூன்றாம் சுற்றில், 83ஆவதாகப் போனவர் நான்கு முறை சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். லைன்மேன் 40 கெஜம் நேராக ஓடும் தருணம் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை வருகிறது? முதல் 10 கெஜத்தின் நேரத்தை மட்டும் இப்போது குறித்துக்கொள்கிறேன்.

எண்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவ அறிக்கை வேறு விஷயம், அது நம் கைக்கு வருவதில்லை. டென்னசியின் டிரே ஸ்மித் நுரையீரலில் ரத்தக் கட்டி வந்து மீண்டவர். 2021இல் 226ஆம் இடம் வரை எல்லா அணிகளும் தயங்கின. கான்சஸ் சிட்டி எடுத்து, முதல் பருவத்திலேயே களத்தில் இறக்கியது. தயங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அயோவாவிலிருந்து ஒரு அம்மா:

என் மகன் பள்ளி அணியில் கார்டு, குளிர்காலத்தில் மல்யுத்தம். இரண்டும் எதற்கு என்று கேட்டபோது, அவனுடைய கோச் டிரிஸ்டன் விர்ஃப்ஸைத்தான் சொன்னார். எங்கள் மாநிலத்துப் பள்ளி மல்யுத்த சாம்பியன். 2020 கம்பைனில் 145 கிலோ உடம்போடு 36.5 அங்குலம் எம்பிக் குதித்தவர். ஸ்டீபன் நீல் இன்னும் ஆச்சரியம்: கல்லூரியில் மல்யுத்தம் மட்டும்தான், ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காதவர் பேட்ரியட்ஸ் அணிக்கு கார்டாக ஆடி, என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தார். பிடி எங்கே விழுகிறது, எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்று மல்யுத்தம் ஆடிய உடம்புக்குத் தானாகத் தெரியும் என்றார் கோச்.

மேலே அந்தப் பெரியவர் சொன்ன குதிகால் விஷயத்தை மகனுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது சமையலறையில் நின்றபடியே வெளிக்காலைப் பின்னால் வைத்துப் பார்க்கிறான். குதிகால் ஒட்டுகிறதா என்று என்னைத்தான் பார்த்துச் சொல்லச் சொல்கிறான். இன்று காலை இரண்டு தடவை ஒட்டியது.