அலுவலக அஞ்சலைக் கணினியில் இறக்கி வைப்பதா, சர்வரிலேயே விட்டுவைப்பதா?

பேரேடு:

கரூரில் ஐந்து பேர் பணியாற்றும் சிறிய தணிக்கையாளர் அலுவலகம் எங்களுடையது. சொந்த டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) ஒரே ஒரு பொது முகவரி வைத்திருக்கிறோம்; வாடிக்கையாளர்கள் பில்களையும் வங்கி அறிக்கைகளையும் அதற்குத்தான் அனுப்புகிறார்கள். நெடுநாளாக அஞ்சல்கள் பாப்3 முறையில், அதாவது அஞ்சலைப் பெற்று வைக்கும் சர்வர் என்ற இணையக் கணினியிலிருந்து நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், அலுவலகக் கணினியில் வந்து இறங்கின. எல்லோரும் கைபேசியிலும் பார்க்க வேண்டும் என்று கேட்டபின், அந்தச் சர்வரை நடத்தும் ஹோஸ்டிங் நிறுவனத்தார் ஐமேப் முறைக்கு, அதாவது அஞ்சல்களைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் பார்க்கும் முறைக்கு, மாற்றித் தந்தார்கள். சென்ற மாதம் உதவியாளர் ஒருவரின் கைபேசியில் இடம் நிரம்பிவிட்டதாக அறிவிப்பு வர, அவர் பழைய அஞ்சல்களை மொத்தமாகத் தேர்ந்து நீக்கினார். கைபேசியில் இருப்பவை மட்டுமே போகும் என்பது அவருடைய எண்ணம். மறுநாள் காலையில் அலுவலகக் கணினியிலும் அவை இல்லை. குப்பைக் கோப்புறையிலிருந்து பெரும்பாலானவற்றை மீட்டுவிட்டோம். எனினும் எங்கள் ஆடிட்டர், பழையபடி பாப்3 முறைக்கே திரும்பிவிடலாம் என்கிறார். அது சரியான முடிவுதானா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வன்தட்டு வாசி:

உங்கள் ஆடிட்டர் சொல்வது முற்றிலும் சரி. ஐமேப்பில் மூலம் என்பது சர்வரில் இருப்பது ஒன்றுதான். கணினியிலும் கைபேசிகளிலும் நாம் காண்பவை அதன் நடப்பு நிலையை அவ்வப்போது கேட்டு வாங்கிக் காட்டும் தோற்றங்கள் மட்டுமே. ஒருவர் நீக்கினால் எல்லோருக்கும் நீங்கும். அது கோளாறு அன்று. அந்த முறையின் நோக்கமே அதுதான். கணக்குப் பேரேட்டை ஐந்து பேர் கையில் கொடுத்து, கூடவே ஆளுக்கோர் அழிரப்பரையும் கொடுத்ததைப் போன்ற ஏற்பாடு இது. பாப்3 முறையில் அஞ்சல் உங்கள் வன்தட்டில் இறங்கிய பிறகு, சர்வரில் என்ன நடந்தாலும் உங்கள் பிரதிக்கு ஒன்றும் நேராது.

கார்மேகம்:

வன்தட்டு வாசி அவர்கள் பாதியைத்தான் சொல்கிறார். பாப்3 உள்பெட்டியை மட்டுமே அறியும். நீங்கள் உருவாக்கிய கோப்புறைகளையோ, அனுப்பியவற்றையோ, எது படித்தது எது படிக்காதது என்பதையோ அது பிற கருவிகளுக்குக் கொண்டு செல்லாது. ஆடிட்டர் வெளியூரிலிருந்து கைபேசியில் எழுதிய பதில் அவருடைய கைபேசியிலேயே கிடக்கும். அலுவலகத்தில் இருப்பவர், வாடிக்கையாளருக்குப் பதில் போகவில்லை என்று நினைத்து மற்றொரு பதில் எழுதுவார். கணினியில் இறக்கியவுடன் சர்வரிலிருந்து நீக்கும்படி அமைத்திருந்தால், கணினி முந்திக்கொண்ட அஞ்சல்கள் கைபேசிக்கு வரவே மாட்டா. பாப்3-இன் இன்றைய வரையறை 1996-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓர் ஆள், ஒரு கணினி, அவ்வப்போது மட்டும் டயல் செய்து பெறும் இணைப்பு என்ற நிலைமைக்குப் பொருந்தியது. ஐந்து பேரும் ஐந்து கைபேசிகளும் உள்ள இடத்துக்கு அதைப் பரிந்துரைப்பது பொறுப்பாகாது.

இன்னொன்று. கைபேசியில் இடம் வேண்டுமானால் அஞ்சலை நீக்கவே தேவையில்லை. அமைப்புகளுக்குச் சென்று அந்த அஞ்சல் கணக்கைக் கைபேசியிலிருந்து அகற்றினால், இறங்கியிருந்தவை அனைத்தும் கைபேசியை விட்டுப் போகும். சர்வரில் இருப்பவை அப்படியே இருக்கும். கணக்கை மீண்டும் சேர்க்கும்போது, அண்மைய ஒரு மாத அஞ்சல்கள் மட்டும் இறங்கும்படி பல செயலிகளில் அமைக்க முடியும். உதவியாளருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது.

வன்தட்டு வாசி:

கார்மேகம் ஐயா, நீங்கள் சொன்ன குறைகளில் ஒன்றுக்கு மாற்று வெகுகாலமாகவே உண்டு. ‘சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை’ என்ற அமைப்பைத் தேர்ந்து, 14 நாளோ 30 நாளோ கழித்து நீக்கு என்று சொல்லிவிட்டால், அண்மைய அஞ்சல்கள் எல்லாக் கருவிகளுக்கும் கிடைக்கும், கணினியிலும் நிலையான பிரதி சேரும். அனுப்பியவை சேராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எழுதும் ஒவ்வொரு அஞ்சலையும் மறைநகலாக (பெறுநருக்குத் தெரியாத நகல், பிசிசி) தமக்கே அனுப்பிக்கொள்ளும் வழக்கம் பல அலுவலகங்களில் உள்ளது.

சர்வர் பாதுகாப்பானது என்று நம்புவோருக்கு ஒரு கேள்வி. அங்கே இடம் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? ஜிமெயிலின் இலவச 15 ஜிபி அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. கூகுள் டிரைவ் என்ற கோப்புச் சேமிப்புக்கும் அதில் பங்கு உண்டு, 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் புகைப்படங்களும் அதில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாட்ஸ்அப் காப்புநகலும் 2024 முதல் அதே கணக்கில் எண்ணப்படுகிறது. உறவினர் அனுப்பிய காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் சேர்ந்து 15 ஜிபியை நிரப்பிவிட்டால், வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி விவரம் உங்களிடம் வந்து சேராமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். எங்கள் தெருவில் ஒரு கடைக்காரர், யாருமே தமக்கு ஆர்டர் அனுப்புவதில்லை என்று பல நாள் வருந்திக்கொண்டிருந்தார்.

கார்மேகம்:

இடம் தீர்ந்தால் காசு கொடுத்து வாங்கலாம். பழுதான வன்தட்டிலிருந்து தரவை மீட்பதற்கு ஆகும் செலவு அதைவிடப் பெரியது, அதுவும் மீண்டால்தான். பாப்3 வழியாக இறங்கியவை எங்கே இருக்கின்றன என்பதையும் கேட்டுப் பாருங்கள். அவுட்லுக் என்ற அஞ்சல் மென்பொருளின் பழைய பதிப்புகளில் எல்லா அஞ்சல்களும் பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் இருந்தன. 2003-க்கு முந்தைய பதிப்புகளில் அது 2 ஜிபியைத் தொட்டதும் பழுதடைந்து திறக்க மறுத்தது. இன்று வரம்பு உயர்ந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் கோப்பு அதே கணினியில்தான் இருக்கிறது. பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் தீநிரல் ஒன்று நுழைந்தால் அந்த ஒரு கோப்பைப் பூட்டுவதற்கு அதற்கு அதிக நேரம் பிடிக்காது.

நல்லூரான்:

இரு தரப்பாரும் தொடாத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். யாழ்ப்பாணத்தில் நான் பணிபுரியும் நிறுவனம், மலிவாகக் கிடைத்ததென்று மின்னஞ்சலை வேறொரு ஹோஸ்டிங்குக்கு மாற்றியது. முகவரி அதே, கடவுச்சொல் அதே, சர்வரின் பெயரும் அதே. டொமைன் சுட்டும் இடம் மட்டும் மாறியது. காலையில் கணினியைத் திறந்தோம். அஞ்சல் மென்பொருள் புதிய சர்வருடன் இணைந்தது, அங்கே வெறும் பெட்டியைக் கண்டது, கணினியில் இருந்த பல ஆண்டு அஞ்சல்களைத் தானாகவே அகற்றியது. ஒருவரும் எதையும் நீக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று பின்னர் தேடிப் படித்தேன். ஐமேப்பில் ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்கள் இன்னும் செல்லுபடியாகின்றனவா என்பதைக் காட்ட ஒவ்வொரு கோப்புறைக்கும் தனியே ஓர் அடையாள எண் உண்டு. புதிய சர்வரில் அந்த அடையாள எண் மாறியிருக்கும். மாறியிருந்தால், தன்னிடம் உள்ள பழைய பிரதிகளை நம்பக்கூடாது, அவற்றை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதே மென்பொருளுக்கு விதிக்கப்பட்ட நெறி. எனவே ஐமேப்பில் கணினியில் கிடப்பதைச் சேமிப்பு என்று எண்ணி இருப்பது ஆபத்து. கார்மேகம் அண்ணன் சர்வரைப் பற்றிச் சொல்வதெல்லாம், அந்தச் சர்வர் மாறாதவரைக்கும்தான் பொருந்தும்.

பழைய நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிய இன்னும் சில நாள்கள் இருந்ததால், சர்வரிலிருந்து சர்வருக்கு நேரடியாகப் பிரதி எடுத்துத் தப்பித்தோம். இடமாற்றத்துக்கு முன்பே தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளில் ‘உள்ளகக் கோப்புறைகள்’ என்ற பகுதிக்கு அனைத்தையும் நகலெடுத்திருந்தால் அந்தப் பதற்றம் தேவைப்பட்டிருக்காது. அப்பகுதி எந்தச் சர்வருடனும் இணைக்கப்படாதது. அங்கே தவறுதலாக நீக்கிக் குப்பையையும் காலி செய்துவிட்டால்கூட, ‘கோப்புறையைச் சுருக்கு’ என்ற கட்டளை இயங்கும் வரை அஞ்சலின் எழுத்துகள் கோப்பில் அப்படியே இருக்கும். விவரம் அறிந்தவர்கள் அதிலிருந்து மீட்டுத் தருவார்கள்.

கறுப்பு அங்கி:

நான் மென்பொருள் அறிந்தவள் அல்ல, வழக்குரைஞர். பேரேடு ஐயாவின் வாடிக்கையாளர்கள் சார்பில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. பில்கள் அஞ்சலில் மட்டுமே இருக்குமானால், 30 நாளில் தானே காலியாகும் குப்பைக் கோப்புறையை நம்பி யாரும் இருக்க முடியாது.

நீதிமன்றத்துக்கு அஞ்சலை அச்சிட்டுக் கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் பிரதியைச் சான்றாகத் தரும்போது உரிய சான்றிதழும் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியை, குறிப்பிட வேண்டும். அஞ்சல் எந்தச் சர்வர்கள் வழியாக வந்தது என்பதைக் காட்டும் முழுத் தலைப்புப் பகுதியும் உள்ள மூலக் கோப்பு கையில் இருந்தால் எங்கள் பணி எளிதாகிறது. அது பாப்3 வழியே வந்ததா ஐமேப் வழியே வந்ததா என்பதை எந்த நீதிபதியும் என்னிடம் கேட்டதில்லை.

வன்தட்டு வாசி:

வழக்குரைஞர் அம்மா சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. கையில் கோப்பு வேண்டும்.

கார்மேகம்:

கையில் கோப்பு வேண்டும் என்பதை நான் எங்கே மறுத்தேன்? அதற்காக அன்றாடப் பணியையே பாப்3-க்கு மாற்ற வேண்டியதில்லை என்கிறேன். பேரேடு ஐயாவுக்கு நேர்ந்தது, அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதால் நேர்ந்தது. பேரேடு ஐயாவின் அலுவலகத்தில் ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேரும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஐவருக்கும் முழு அதிகாரம். ஐமேப்பில் கோப்புறைக்குக் கோப்புறை அனுமதிகளைப் பிரித்துக் கொடுக்கும் வசதி உண்டு: ஒருவர் படிக்கலாம், குறியிடலாம், ஆனால் நீக்க முடியாது என்று வரையறுக்கலாம். ஆளுக்கொரு முகவரி கொடுத்து, பொதுப் பெட்டியை இந்த அனுமதியுடன் பகிர்ந்தால் உதவியாளரின் கைபேசி நிரம்பி வழிந்தாலும் கவலை இல்லை.

பேரேடு:

ஹோஸ்டிங் நிறுவனத்தாரிடம் இன்று கேட்டேன். எங்கள் கட்டணத் திட்டத்தில் அந்த அனுமதி வசதி இல்லையாம். மேல்திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். ஆடிட்டரிடம் பேசியதில், கைபேசிகளுக்கு ஐமேப் இருக்கட்டும் என்று இணங்கியிருக்கிறார். ஆனால் பொது முகவரிக்கு வரும் ஒவ்வோர் அஞ்சலின் நகலும் தானாகவே இரண்டாவது ஒரு முகவரிக்குப் போக வேண்டும், அதன் கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருக்கும், அதை ஒரே ஒரு கணினி பாப்3 வழியாக இறக்கி வைக்கும் என்பது அவருடைய நிபந்தனை.

கார்மேகம்:

வருபவை சேரும். நீங்கள் அனுப்புபவை அந்த இரண்டாவது முகவரிக்கு எப்படிப் போகும்? சர்வரில் முன்னனுப்பும் விதி, வரும் அஞ்சலுக்கு மட்டுமே பொருந்தும்.

வன்தட்டு வாசி:

அதற்குத்தான் மறைநகல் என்றேன். கணினியில் ஒவ்வொரு கணக்குக்கும் தானாக மறைநகல் சேரும்படி தண்டர்பேர்டில் அமைக்கலாம்.

கார்மேகம்:

கணினியில் முடியும். கைபேசிச் செயலிகள் பலவற்றில் அந்த அமைப்பே கிடையாது. ஒவ்வொரு முறையும் கையால் சேர்க்க வேண்டும், நான்காவது நாள் மறந்துபோகும். மாதம் ஒரு முறை ‘அனுப்பியவை’ கோப்புறையைத் தண்டர்பேர்டின் உள்ளகக் கோப்புறைக்கு நகலெடுப்பதுதான் நடக்கக்கூடிய வழி. நகலெடுங்கள், நகர்த்தாதீர்கள், நகர்த்தினால் சர்வரிலிருந்து போய்விடும்.

வன்தட்டு வாசி:

அந்த மாதாந்திர வேலையை யார் செய்வார் என்று பெயர் குறித்து எழுதி வையுங்கள், பேரேடு ஐயா. பெயர் இல்லாத வேலை எந்த அலுவலகத்திலும் நடந்ததில்லை. மேலும் அந்தக் கணினியின் வன்தட்டுக்கு வெளியே இன்னொரு நகல் இருக்கட்டும். இந்த ஒன்றில் மட்டும் கார்மேகம் ஐயாவுடன் எனக்கு வழக்கு இல்லை.