கப்பல் போன அடுத்த நாள்: சாட்சியம் சொன்னவர்களைச் சந்தித்த அனுபவங்கள்

லண்டனிலிருந்து

நான் மொழிபெயர்ப்பாளர். வன்னிப் போரின் கடைசி மாதங்களில் தப்பி வந்த சிலருடைய வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒரு அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

முள்ளிவாய்க்காலில் தறப்பாள் கொட்டிலில் எறிகணை விழுந்து அவருடைய இளைய மகன் இறந்துபோனான். வழக்கறிஞர் முதலில் கேட்டது தேதியைத்தான். "எனக்குத் தேதி தெரியாது பிள்ளை. அங்க ஆர் கலண்டர் வச்சிருந்தது?" என்று என்னிடம் சொன்னார்.

வழக்கறிஞர் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், மழை பெய்ததா, யாராவது வந்து போனார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் அம்மாவே சொன்னார்: "கப்பல் வந்து காயக்காரரை ஏத்திக்கொண்டு போச்சு. அண்டைக்கு ராத்திரி நல்ல நிலவு. அடுத்த நாள் விடிய விழுந்தது. பிறகு கப்பல் வரவே இல்ல."

செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் கடைசியாக அந்தக் கரைக்கு வர முடிந்தது 2009 மே 9. அன்று பூரணை. அப்படியென்றால் பையன் போனது மே 10 காலை. ஐநா பேச்சாளர் இரத்தக்களரி என்று சொன்ன அதே வார இறுதி. தேதியை நான் தமிழில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப இவ்வளவு வருசமும் பிழையான நாளிலயோ திவசம் குடுத்தனான்?" எல்லோரோடும் சேர்த்து, நினைவேந்தல் நாளான மே 18ஐயே அவர் வைத்திருந்தார்.

தேதியை ஏன் இப்படித் துருவிக் கேட்கிறார்கள் என்று எனக்கும் முன்பு கோபம் வரும். தேதியும் இடமும் சரியாக இருந்தால்தான் அந்த வாக்குமூலத்தைச் செய்மதிப் படத்தோடும், அன்று எந்தப் படையணி எங்கே நின்றது என்ற விவரத்தோடும் பொருத்த முடியும். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. பாதுகாப்புச் சபை அனுப்பாமல், இலங்கை மண்ணில் நடந்ததை ஹேக்கிலுள்ள அந்த நீதிமன்றம் எடுப்பது மிகக் கடினம். மிஞ்சியிருப்பது வேறு நாடுகளின் நீதிமன்றங்கள். ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரில் 2022 ஜனவரியில் ஒரு சிரிய முன்னாள் கேணலுக்கு, சிரியாவில் செய்த குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. அகதிகளாக வந்த சிரியர்கள் சாட்சி சொன்ன வழக்கு அது. நம்முடைய விஷயத்திலும் அப்படி ஒரு நாள் தேவைப்படும் என்றுதான் ஐநா மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்தின் வழியாக, ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்திடம் கொடுத்தது. பல வருடம் தாமதம். வந்ததே பெரிது என்று நான் சொல்ல மாட்டேன், அந்த இடைவெளியில் எத்தனையோ சாட்சிகள் இறந்துவிட்டார்கள்.

தென்மராட்சியிலிருந்து

உள்நாட்டிலேயே தீர்ப்பு வந்த ஒன்றைச் சொல்கிறேன். 2000 டிசம்பரில் மிருசுவிலில் 8 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். சொந்த வீட்டைப் பார்க்கப் போனவர்கள், ஒரு சின்னப் பிள்ளையும் அதில். 2015இல் ஒரு இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்தார். கொரோனா ஊரடங்கு நேரம், வீதியில் ஒரு ஆள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு ஐயா, "தம்பி, கேட்டியோ?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை. நீதி கேட்டு ஏன் வெளிநாடுகளுக்குப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கிளிநொச்சியிலிருந்து

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் இங்கே போராட்டம் தொடங்கினார்கள். அங்கே ஒரு ஐயா மகளின் படத்தோடு தினமும் வந்து உட்காருவார். 2009 தொடக்கத்தில் புலிகள் இயக்கம் அந்தப் பிள்ளையைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது. பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. மே 18 அன்று வட்டுவாகலில் பெற்றோரே அவளை இராணுவத்திடம் ஒப்படைத்தார்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்ற வார்த்தையை நம்பி. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

வருகிற ஆட்கள் ஒன்றில் முதல் பாதியை எழுதுவார்கள், இல்லாவிட்டால் இரண்டாம் பாதியை எழுதுவார்கள். ஐயாவுக்கு அதுதான் பெரிய வேதனை. "ரெண்டு பகுதியும் என்னைக் கேளாமத்தான் கொண்டுபோனவை. ரெண்டையும் எழுது தம்பி" என்பார். ஐநா மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கையில் இரண்டும் இருக்கிறது என்று சொன்னேன். பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

போன வருடம் அவர் இறந்துவிட்டார். படத்தை இப்போது அவர் மனைவி கொண்டுவருகிறார். அதன் பின்பக்கத்தில் ஐயாவின் கையெழுத்தில் ஒப்படைத்த நாள், நேரம், ஏற்றிய பஸ்ஸின் நிறம், பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் பெயர் எல்லாம் இருக்கிறது. மை மங்கியிருந்ததால் மனைவி அதன் மேலேயே திரும்ப எழுதி வைத்திருக்கிறார்.