பிரபலங்களின் முகத்தை வரைந்தபோது நடந்தது: வடசென்னைக்காரர்கள் பகிரவும்

கரித்துண்டு, தண்டையார்பேட்டை

ராயபுரத்தில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தின் சுவரில் முகமது அலியை வரையச் சொன்னார்கள். எல்லாருக்கும் தெரிந்த அந்தப் புகைப்படத்தையே எடுத்துக்கொண்டேன். 1965இல் சன்னி லிஸ்டனைத் தரையில் சாய்த்துவிட்டு, வலது கையை மார்புக்குக் குறுக்கே மடக்கிக்கொண்டு, எழுந்து வா என்று அலி உறுமுவாரே, அது. முகம் முடிந்து தோளுக்கு நிழல் வைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் பெரியவர் ஒருவர் சாரத்தின் கீழே வந்து நின்றார். சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை பிரித்து ஆட்டம் நடந்த காலத்தைப் பார்த்தவர். சுவரில் இருந்த கையுறைக்குப் பக்கத்தில் தம் முஷ்டியை வைத்து அளவு பார்த்துவிட்டு, "இது நான் பார்த்த அலி இல்லப்பா" என்றார்.

1980இல் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது இவரும் கூட்டத்தில் இருந்திருக்கிறார். அப்போது அலிக்கு வயது 38. ஓய்வை அறிவித்துவிட்டு, உடம்பில் சதை போட்டிருந்த காலம். 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்து, பட்டத்தைப் பறிகொடுத்து, மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியாமல் இருந்து, திரும்ப வந்து அடித்தும் அடிபட்டும் தேய்ந்த முகத்தைத்தான் பெரியவர் பார்த்திருக்கிறார். நான் வரைந்தவருக்கு வயது 23. அவருக்கு இவற்றில் எதுவுமே இன்னும் நடந்திருக்கவில்லை. "இவனுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவர் பிள்ளைகளிடம் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஒருவரை வரையும்போது எந்த ஆண்டின் முகத்தை வரைவது என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கொருக்குப்பேட்டை ராஜபாட்டை

எனக்கு வந்த சிக்கல் ஆண்டைப் பற்றியது அல்ல, தோலைப் பற்றியது. தந்தையின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகத் தருமி வேடத்து நாகேஷை வரைந்து தருமாறு ஒருவர் கேட்டார். நாகேஷின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவர் ரயில்வே வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தார், கதாநாயகனாகவும் நடித்தார். நான் தழும்புகளோடு வரைந்த மாதிரிப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தவர், விசேஷத்துக்குக் கொடுக்கும் படம், கன்னத்தைச் சுத்தமாக்கிக் கொடுங்கள் என்றார். காசு கொடுப்பவர் அவர் என்பதால் அப்படியே செய்து கொடுத்தேன்.

மண்டபத்தில் படத்தைப் பிரித்தார்கள். அந்தத் தந்தையின் முகத்திலும் அதே தழும்புகள் இருந்ததை அங்கேதான் கண்டேன். இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு பெரியம்மை ஒழிந்துவிட்டதால் அப்படிப்பட்ட முகங்களை இப்போது வயதானவர்களிடம் மட்டுமே பார்க்க முடிகிறது. அவர் படத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி, நாகேஷின் கன்னத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா யாரு இது?" என்று மகனிடம் கேட்டார். மகன் என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்தேன்.

பேசின் பிரிட்ஜ்

கரித்துண்டு அவர்களே, உங்கள் பெரியவரின் நினைவுக்காகச் சுவரை மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சுவரைத் தினமும் பார்க்கப்போவது அங்கே பயிற்சிக்கு வரும் பதினைந்து வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு 23 வயது அலிதான் வேண்டும். பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை ஏற்றிய அலியும் பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் சுவர் ஓவியம் என்பது வாழ்க்கை வரலாறு அன்று என்பது என் கருத்து.

என் அனுபவம் வியாசர்பாடியில் நடந்தது. பந்து விளையாடும் பையன்கள் தங்கள் தெருமுனைச் சுவரில் பாப் மார்லியை வரையச் சொன்னார்கள். கஞ்சா இலை வேண்டாம் என்று நானே நிபந்தனை போட்டேன். சடைமுடியும் சிரிப்பும் மட்டும் போதும் என்றேன். மாலையில் மீன் கூடையோடு அந்த வழியாக வந்த அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எந்தத் தெருப் புள்ளப்பா? எப்டி செத்துச்சு?" என்று கேட்டார். நம் பகுதியில் கட்சித் தலைவர்களை விட்டால் சுவரிலும் பேனரிலும் முகமாக வருபவர்கள் அகாலத்தில் போன பிள்ளைகள்தானே. அவர் கேட்டதில் தவறே இல்லை.

ஜமைக்காவைச் சேர்ந்த பாடகர் என்று விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் புற்றுநோய் என்று 1977இல் கண்டுபிடித்தார்கள்; விரலை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை; 1981 மே மாதம் மியாமியில் இறந்தார்; வயது 36. பந்து விளையாடியபோது பட்ட அடியால்தான் புற்றுநோய் வந்தது என்று பையன்கள் நடுவில் புகுந்தார்கள். அடியால் அந்த நோய் வருவதில்லை, அடிபட்டதால் அது கண்ணில் பட்டது என்று அவர்களைத் திருத்தினேன். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவங்கம்மா இருந்துச்சா அப்போ?" என்றார். இருந்தார், மகனுக்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்தார் என்றேன். அவர் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினார். அத்தனை நாளாக மார்லி பாட்டைக் கேட்டுக்கொண்டே வரைந்தவன் நான். அவருடைய தாயைப் பற்றி ஒரு தடவையும் நினைத்ததில்லை.

பழைய பேனர், மின்ட்

எல்லாம் படித்தேன். நான் பேனர் பட்டறையில் இருந்தவன். ஒரு படம் ஓடி முடிந்ததும் அந்தத் துணிக்கு வெள்ளை அடித்து, அதன் மேலேயே அடுத்த படத்தின் முகத்தை எழுதுவோம். ஒரு கோடையில் திரையரங்க வாசலில் கதாநாயகனின் கன்னம் வெயிலில் உரிந்து, அதற்குள்ளிருந்து முந்தைய படத்து வில்லனின் கண் எட்டிப் பார்த்தது. ரசிகர்கள் ஏணியைக் கொண்டுவந்து என்னை அடிக்கவே வந்துவிட்டார்கள். என் கதை அவ்வளவுதான்.

இப்போது சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில், யாரும் கட்டம் போட்டதாக எழுதவில்லை. புகைப்படத்தின் மேல் அரை அங்குலக் கட்டம், சுவரில் ஓர் அடிக் கட்டம், நீலத்தூள் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டினால் கோடு விழும். இதைச் செய்யாமல் புரொஜெக்டரை வைத்து நிழலின் மேல் கோடு இழுப்பவர்களுக்கு, சாரத்திலிருந்து இறங்கிப் பார்க்கும்போது முகம் ஏன் செத்துக் கிடக்கிறது என்று கடைசிவரை புரியாது. இரண்டாவது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தீர்மானித்துவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பெரிய இருட்டுகளை முதலில் வையுங்கள். கண்ணைக் கடைசியில் வையுங்கள். அலியின் திறந்த வாயில் பல்லுக்குப் பல் கோடு இழுத்திருந்தால் அது சீப்பாகத்தான் தெரியும். மொத்தமாக ஒரு வெளிர் பட்டை வைத்து, ஓரங்களை மட்டும் இருட்டாக்க வேண்டும். அம்மைத் தழும்பு என்பது வட்டம் அன்று. வெளிச்சம் வரும் பக்கத்து விளிம்பில் சிறு நிழல், எதிர் விளிம்பில் சிறு ஒளி, அவ்வளவே. அதையும் கன்னம் திரும்பும் இடத்தில் மட்டும் வைத்தால், வைக்காத இடத்திலும் இருப்பதாகப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். ராஜபாட்டை தம்பி அப்படி நாலே நாலு வைத்திருந்தால் மகனுக்குத் தழும்பு தெரிந்திருக்காது, அப்பாவுக்கு ஆள் தெரிந்திருக்கும். மார்லியின் சடையை மயிர் மயிராக எழுதக் கூடாது, திரிதிரியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் உருளையாக நினைத்து நிழல் வைக்க வேண்டும். கறுத்த தோலின் மேட்டில் வெள்ளையைக் கொட்டாதீர்கள், சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். நீலம் துளி கலந்த வெளிர் பழுப்பு போதும். ராயபுரத்துக் கடல் காற்றில் சுவர் உப்புப் பூக்கும் என்பதால் பழைய பூச்சைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவிடாமல் தூரிகையைத் தொடவே கூடாது. எங்கள் பட்டறையில் நாயகன் முகத்துக்கு ஆசான் மட்டும் தூரிகை எடுப்பார். கவர்ச்சி நடிகைகளைப் பழகும் பையன்களிடம் விட்டுவிடுவார். அப்படி முறை வைத்துத் தொழில் கற்றவர்கள் நாங்கள்.

ஓட்டேரிப் பென்சில்

பழைய பேனர் ஐயா, யாரும் கேட்காத பாடத்தின் கடைசி வரியில் என் அனுபவத்துக்கான காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள், நன்றி.

நான் சில்க் ஸ்மிதாவை வரைந்தேன். கழுத்து வரை மட்டும், 2பி, 6பி பென்சில்களில், நேராகப் பார்க்கும் முகம். நீங்கள் சொன்னதற்கு மாறாகக் கண்ணிலிருந்துதான் தொடங்கினேன், ஏனென்றால் அந்த முகத்தில் மற்ற எல்லாமே அந்தக் கண்களுக்குக் கீழ்ப்படிந்துதான் இருக்கும். புரசைவாக்கத்தில் ஒரு சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோய்ச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன். கடைக்காரர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். தாளின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வேறு தாள் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, "மத்ததெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டார். கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர் கேலியாகக் கேட்டாரா, உண்மையிலேயே படம் பாதியில் நிற்பதாக நினைத்தாரா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. உண்மையாகக் கேட்டிருந்தால் அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

ஏலூருப் பக்கத்துக் கிராமத்தில் 1960இல் விஜயலட்சுமியாகப் பிறந்து, நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சிறு வயதில் கட்டிவைத்த கல்யாணத்திலிருந்து தப்பி இந்த ஊருக்கு வந்து, நடிகைகளுக்கு டச்-அப் செய்யும் வேலையில் தொடங்கியவர் அவர். 1980இல் வந்த படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. சாவித்திரியைப் போல நல்ல வேடங்களில் நடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகப் பேட்டியில் சொன்னார். 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் தம் வீட்டில் இறந்துகிடந்தபோது வயது 35. வியாசர்பாடி அம்மாவுக்குத் தோன்றிய கேள்வியை இவரைப் பார்த்து எத்தனை பேர் கேட்டிருப்போம்? ஐயா, முப்பது அடி பேனரில் இவருக்கு முகம் என்று நீங்கள் ஒதுக்கியது எத்தனை அடி? அதையும் பழகும் பையன்களிடம்தானே விட்டீர்கள்? அந்தக் கடைக்காரர் அப்படிப்பட்ட பேனர்களைப் பார்த்து வளர்ந்தவர்தான்.

எந்த ஆண்டின் முகம் என்று முதலில் கேட்டவருக்கு: இவருடைய விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடம் கிடைக்கவில்லை. முகம் என்று ஒன்று இருப்பதையே முதலில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது.

பழைய பேனர், மின்ட்

அம்மா, கோபம் நியாயம்தான். ஆனால் விநியோகஸ்தர் சொல்லுகிற அளவுக்குத்தான் எழுதுவோம், அளவை வைத்தது நாங்கள் அல்ல. கண்ணில் தொடங்கினால் தலை ஒருபக்கம் சாயும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிராட்வே பேரன்

ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கரித்துண்டு அவர்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. எனக்கு அப்படி அமையவில்லை. என் பாட்டியின் அக்காவுக்காக எம்.கே.தியாகராஜ பாகவதரை வரைந்தேன். எந்த வயதுப் பாகவதர் என்று கேட்டதற்கு, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி ஓடிய ஹரிதாஸ் காலத்துப் பாகவதர் என்றார். அது 1944. படம் வெளிவந்தது அக்டோபரில். மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டது நவம்பரில். அந்தக் கொலை வழக்கில் பாகவதர் கைதானது டிசம்பரில். தங்கப் பட்டு ஜிப்பாவும் கம்பி எண்ணிய முகமும் ஒரே ஆண்டுக்குள் இருக்கின்றன. ஆண்டு போதாது, மாதம் கேட்க வேண்டும். அவர் உள்ளே இருந்த காலத்தில்தான் அந்தப் படம் பிராட்வேயில் ஓடிக்கொண்டே இருந்தது. 1947இல் விடுதலையாகி வந்து மறுபடி நடித்தபோது கூட்டம் பழையபடி வரவில்லை. 1959இல் 49 வயதில் காலமானார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, என்னை அறியாமலே கண்ணுக்கடியில் கொஞ்சம் நிழல் கூடிவிட்டது. பெரிய பாட்டி படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். ஜெயிலைப் பற்றிச் சொன்னேன். அது தெரியும் என்றார். தங்கசாலையில் தெருவே அன்றைக்கு அழுததாம். தெரிந்துதானே அக்டோபரைக் கேட்டேன் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, நிழலை எடுத்துவிடும்படியும், காதில் வைரக் கடுக்கன் மின்னவே இல்லை, அதைச் சரிசெய்யும்படியும் சொன்னார்.

நிழலை நான் எடுக்கப்போவதில்லை. கடுக்கனுக்கு வெள்ளை ஜெல் பேனா வைக்கலாமா, தாளின் வெண்மையையே அழிப்பானால் வெளிக்கொண்டுவருவது மேலா என்று பழைய பேனர் ஐயா சொன்னால் நல்லது. சுருக்கமாகச் சொன்னால் இன்னும் நல்லது.