டைட்டானியம் மிதிவண்டியும் ‘இடங்கொடை’யும்: ‘காம்ப்ளையன்ஸ்’ என்பதற்கு ஒரு கலைச்சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நெடுந்தூரம் ஓட்டுவதற்கு டைட்டானியம் மிதிவண்டி வாங்க நினைப்போருக்காகத் தமிழில் வழிகாட்டிக் கட்டுரை எழுதிவரும் நண்பர், ‘காம்ப்ளையன்ஸ்’ (compliance) என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் வெற்றாக விட்டுவிட்டு நம் குழுவிடம் சொல் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. இணக்கம், நெகிழ்வு, துவள்வு, ஒசிவு என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கையும் எடைபோட்டுப் பார்த்தபின், ஐந்தாவதாக ‘இடங்கொடை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மடல் சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பிடித்துக்கொள்வது நல்லது. விற்பனையாளர்களின் விளம்பரத்தில் ‘காம்ப்ளையன்ஸ்’ என்பது ஏறத்தாழச் சொகுசு என்ற பொருளில்தான் வருகிறது. டைட்டானியம் என்றாலே அது தானாகக் கிடைத்துவிடும் என்பதுபோலவும் எழுதுகிறார்கள். பொறியியலில் அது ஓர் அளவு. ஒரு பொருளின்மேல் ஒரு நியூட்டன் விசை செலுத்தினால் அது எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறது அல்லது வளைகிறது என்பதைச் சொல்லும் எண் அது. விறைப்பு என்று நாம் சொல்வதன் தலைகீழ் மதிப்பு. விசையை எடுத்துவிட்டால் பொருள் பழைய நிலைக்கு மீள வேண்டும் என்பதும் இந்தப் பொருளுக்குள் அடங்கும். ஆகவே நமக்கு வேண்டியது பாராட்டுச் சொல் அல்ல, ‘எவ்வளவு?’ என்று கேட்டால் விடை சொல்லக்கூடிய அளவுச் சொல்.

‘இணக்கம்’ அகராதியிலிருந்து நேராக எடுத்தது. வரிச் சட்டத்துக்கு இணங்குதல், விதிக்கு இணங்குதல் என்ற பொருளில் அது நிலைபெற்றுவிட்டது. அதைவிடப் பெரிய தடை மிதிவண்டிக் கடையிலேயே இருக்கிறது. இந்த கியருக்கு இந்தச் சங்கிலி ஒத்துவருமா, இந்தச் சக்கரத்தின் அச்சு இந்த வண்டிச் சட்டத்தில் (ஃபிரேமில்) பொருந்துமா என்ற கேள்விகளுக்கு ‘இணக்கம்’ என்ற சொல் நமக்குக் கட்டாயம் தேவைப்படும். அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது.

‘நெகிழ்வு’ எல்லோருக்கும் புரியும் சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளாஸ்டிக்கை நெகிழி என்று சொல்லிப் பழகிவிட்டோம். பொறியியலில் பிளாஸ்டிக் தன்மை என்றால், வளைந்தபின் மீளாமல் அப்படியே நின்றுவிடுவதைத்தான் அது குறிக்கும். நமக்கு வேண்டிய பொருளுக்கு நேர் எதிர். போதாததற்கு, வளை நெகிழ்ந்தது என்று பாட்டிலும், திருகாணி நெகிழ்ந்திருக்கிறது என்று பட்டறையிலும் சொன்னால் கழன்றுவிடும்படி தளர்ந்தது என்றுதான் பொருள். நெகிழ்வான சட்டம் என்று படித்துவிட்டு ஒருவர் அந்த வண்டியை வாங்காமல் போனால் அவரைக் குறைசொல்ல முடியாது.

‘துவள்வு’ கேட்க அழகானது. கொடி துவள்வதும் மூங்கில் துவள்வதும் நம் கண்முன் நிற்கின்றன. ஆனால் 600 கிலோமீட்டர் பிரெவேயை (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டி ஓட்டத்தை) 40 மணி நேரத்துக்குள் முடிக்க ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் துவள்வு என்று சொன்னால், அவர் தம் கால்களைத்தான் நினைப்பார். களைப்பின் சொல்லை வண்டியின் சிறப்புக்கு வைப்பது சரிப்படாது.

‘ஒசிவு’ பற்றி பேராசிரியர் ஐயா அவர்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சங்கப் பாட்டின் மணம் உள்ள சொல். எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. தயக்கம் ஒன்றே ஒன்றுதான். ஒசிதல் வளைதலையும் குறிக்கும், முறிதலையும் குறிக்கும். யானை கிளையை ஒசித்தது என்றால் கிளை மரத்தில் இல்லை. குருந்தொசித்தவன் என்று வைணவர் போற்றுவதும் குருந்த மரத்தை முறித்த கண்ணனைத்தான். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மலையிறங்கும் ஒருவர் ஏறி உட்கார்ந்திருக்கும் பொருளுக்கு, முறிதல் என்ற பொருளும் தரக்கூடிய சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஐயா அவர்கள் இதை மறுத்து எழுதினால் மகிழ்வேன்.

இப்போது ‘இடங்கொடை’. நம் பேச்சில் வளையும் பொருளை ‘வளைந்து கொடுக்கிறது’ என்கிறோம். அந்தக் ‘கொடுக்கிறது’ என்பதில்தான் உயிர் இருக்கிறது. முதலில் ‘வளைகொடை’ என்று அமைத்துப் பார்த்தேன். குழாய்க்கு அது பொருந்தியது, டயருக்குப் பொருந்தவில்லை. டயர் வளைவதில்லை, அமுங்குகிறது. ‘அமுங்கல்’ என்று போகலாமா என்றால், யாழ்ப்பாணத்து அக்கா முன்பே நினைவூட்டியபடி, ஈழத்துப் பாடநூல்களில் அமுக்கம் என்பது நாம் அழுத்தம் என்று சொல்வதற்கான சொல். டயரின் காற்றழுத்தத்தைப் பற்றியே பேசும் கட்டுரையில் அது பெருங்குழப்பத்தை உண்டாக்கும். வளைந்தாலும் அமுங்கினாலும் சுருங்கினாலும் பொதுவாக நடப்பது ஒன்றுதான்: விசைக்குப் பொருள் இடம் கொடுக்கிறது. எவ்வளவு இடம் கொடுத்தது என்பதைப் பள்ளிப் பாடநூலே இடப்பெயர்ச்சி என்று சொல்கிறது. ஓர் அலகு விசைக்குக் கொடுத்த இடம் இடங்கொடை. வினையாக ‘இடங்கொடுக்கும்’, எதிர்மறையாக ‘இடங்கொடாத’ என்று எல்லா வடிவமும் இயல்பாக வருகின்றன. புதிதாக எதையும் பழக்க வேண்டியதில்லை.

ஓர் அளவுக்குத் தனிப்பெயர் ஏன் வேண்டும், ‘குறைந்த விறைப்பு’ என்று எழுதிவிட்டால் ஆகாதா என்று சிங்கப்பூர் நண்பர் கேட்டிருந்தார். மிக நல்ல கேள்வி. சுருள்வில்களைத் தொடரிணைப்பில் மாட்டும்போது விறைப்புகளைக் கூட்ட முடியாது; அவற்றின் தலைகீழ் மதிப்புகளைத்தான் கூட்ட வேண்டும் என்று படித்திருக்கிறோம். மிதிவண்டியும் அப்படித்தான். சாலையிலிருந்து ஓட்டுபவரின் இடுப்புவரை டயர், சக்கரம், சட்டம், இருக்கைத் தண்டு, இருக்கை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடரில் நிற்கின்றன. மொத்த இடங்கொடை இவை ஒவ்வொன்றின் இடங்கொடையையும் கூட்டிய தொகை. இந்தக் கூட்டலைச் செய்யும்போதுதான் டைட்டானியத்தின் உண்மையான பங்கு எவ்வளவு என்பது தெரியவரும். ஆகவே வாங்குபவருக்கு இந்தச் சொல் கணக்குப் போடுவதற்கான கருவி.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எஃகின் யங் குணகம் (ஒரு பொருள் இயல்பில் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு) சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 110-ஐ ஒட்டி, அலுமினியத்துக்கு 70. அடர்த்தி முறையே 7.85, 4.5, 2.7 கிராம்/க.செ.மீ. யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள்: மூன்று உலோகங்களுக்கும் ஏறத்தாழ 25 என்றே வரும். அதாவது, எடைக்கு எடை ஒப்பிட்டால் எந்த உலோகமும் இயல்பிலேயே அதிகம் இடங்கொடுப்பதில்லை. குழாயின் விட்டத்தை என்ன அளவில் வைத்தார்கள் என்பதுதான் முடிவுசெய்கிறது. சுவர் தடிமன் மாறாத மெல்லிய குழாயின் வளைவிறைப்பு, விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். பழைய எஃகுச் சட்டங்களில் வழக்கமான 28.6 மி.மீ. குழாய்க்குப் பதில், அதே தடிமனில் 35 மி.மீ. டைட்டானியக் குழாயைப் போட்டால், விறைப்பு எஃகுக் குழாய்க்குச் சமமாக வந்துவிடுகிறது. எடை மட்டும் நூற்றுக்கு எழுபதாகக் குறைகிறது. 28.6-லேயே நிறுத்தினால் எடை இன்னும் குறையும், விறைப்பும் ஏறக்குறையப் பாதியாகும். மேடேறும்போது மிதிக்கும் மிதிக்குச் சட்டம் பக்கவாட்டில் ஆடும். இரண்டுமே டைட்டானியம்தான். ‘டைட்டானியம் இடங்கொடுக்கும்’ என்ற வாக்கியம் முழுமையற்றது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது பாருங்கள்: எந்த விட்டத்தில், எந்தத் திசையில் என்று உடனே கேட்கத் தோன்றுகிறது.

இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அம்பத்தூரில் நண்பர் ஒருவரின் லேத் பட்டறைக்கு என் டைட்டானியம் வண்டியைக் கொண்டுபோனேன். இரண்டு சக்கரங்களையும் கழற்றி, அச்சு அமரும் இடங்களை இரும்புக் கட்டைகளின்மேல் தாங்கி நிறுத்தி, இருக்கையில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டை ஏற்றினோம். இருக்கைக் குழாயின் மேல்விளிம்பில், நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜின் முனை தொட்டுக்கொண்டிருந்தது. முள் மெல்ல நகர்ந்து, ஒரு மில்லிமீட்டரைத் தொடாமலேயே நின்றுவிட்டது. நண்பர் கேஜை விரலால் தட்டிப் பார்த்தார், முள் அசையவில்லை. பிறகு அதே மூட்டைகளுக்கு இருக்கைக்கு அடியிலுள்ள கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தோம். வெளியே நீண்டிருந்த, 27.2 மி.மீ. விட்டமுள்ள இருக்கைத் தண்டு சட்டத்தைவிட அதிகமாகவே வளைந்து கொடுத்தது. கடைசியாகச் சக்கரங்களை மாட்டி, 32 மி.மீ. டயரில் நான் வழக்கமாக வைக்கும் காற்றோடு தரையில் நிறுத்தி அதே சுமையை ஏற்றினோம். ரிம்முக்கும் தரைக்கும் இடையிலான உயரம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. நான் நெடுநாள் சட்டத்துக்குக் கொடுத்துவந்த பெருமையில் பெரும்பங்கு டயருக்கு உரியது என்று அன்று கண்ணால் கண்டேன்.

அதற்கு முன்னால் 25 மி.மீ. டயரில் ஒரு 600 கிலோமீட்டரை முடித்திருந்தேன். 400-ஐத் தாண்டியபோது இடக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு இரண்டு நாள் திண்டாடினேன். வண்டியை மாற்றவில்லை, டயரை மட்டும் மாற்றினேன். அடுத்த 600-இல் அந்தத் தொல்லை வரவில்லை. இதைச் சொல்வது சொல் விவாதத்தை விட்டு விலகுவதற்காக அல்ல. ‘காம்ப்ளையன்ஸ்’ என்பதற்குச் சொகுசு என்ற மங்கலான சொல்லை வைத்திருந்தால், நான் சட்டத்தின் சொகுசையே இன்னும் தேடிக்கொண்டிருந்திருப்பேன். எதனுடைய இடங்கொடை என்று கேட்கத் தெரிந்திருந்தால், அந்த இரண்டு நாள் திண்டாட்டம் மிச்சமாகியிருக்கும்.

என் சொல்லுக்கு எதிராக எழக்கூடியவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்ற பழமொழியின் நிழல் இதில் விழும் என்று ஒருவர் சொல்லலாம். அது பெரிய தடை அல்ல. அந்தப் பழமொழியே விட்டுக்கொடுத்தல் என்ற பொருளை நமக்கு முன்கூட்டியே பழக்கி வைத்திருக்கிறது. இரண்டாவது தடை கனமானது. எவ்வளவு அகலமான டயருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதும் இதே கட்டுரையில் வருமே, ‘32 மி.மீ. டயருக்கு இடங்கொடுக்கும் சட்டம்’ என்று எழுதினால் என்ன ஆகும்? இதற்கு என் விடை, அங்கே ‘இடம்’ என்ற சொல்லையே தொடாமல் இருப்பது. கொள்ளளவு என்பதைப் போலக் ‘கொள்ளகலம்’ என்று சொல்லலாம்: இந்தச் சட்டத்தின் டயர் கொள்ளகலம் 35 மி.மீ. மூன்றாவதாக, யாழ்ப்பாணத்து அக்கா ‘விறைப்பு’ என்றால் தங்களுக்குக் குளிரில் உடல் விறைப்பதுதான் முதலில் நினைவு வரும் என்றார். தகைவை (ஸ்ட்ரெஸ்) அவர்கள் தகைப்பு என்பதையும், திரிபை (ஸ்ட்ரெயின்) விகாரம் என்பதையும் நாம் இரண்டு பக்கமும் புரிந்துகொண்டு படிப்பதைப்போல இதையும் கடந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

கலைச்சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்காமல் அதை ஏற்கக் கூடாது. நண்பரின் கட்டுரைக்கு ஏற்ற பத்தி ஒன்றை இச்சொல்லால் எழுதிப் பார்த்தேன்:

“நெடுந்தூரத்துக்கு டைட்டானியம் சட்டம் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது அதன் டயர் கொள்ளகலத்தை. 32 மி.மீ. டயரும் மட்கார்டும் சேர்ந்து கொள்ளாத சட்டம், எவ்வளவு புகழப்பட்டாலும், மழைக்காலத்து 600-க்கு உதவாது. மொத்த இடங்கொடையில் டயரின் பங்கே பெரிது. அடுத்தது இருக்கைத் தண்டின் பங்கு. ஆகையால் 27.2 மி.மீ. தண்டு பொருந்தும் சட்டமாக, தண்டு போதிய அளவு வெளியே நீளும் அளவாகத் தேர்ந்தெடுக்கவும். தண்டு அலுமினியமாக இருந்தால் பிடித்துக்கொள்ளாமல் இருக்கச் சட்டத்துக்குள் மசகு (கிரீஸ்) தடவியே செருகவும். சட்டத்தில் செங்குத்து இடங்கொடையைவிடப் பக்கவாட்டு விறைப்பைக் கேட்டறியவும். டைட்டானியத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது துருப்பிடிக்காமைக்கும், பெயின்ட் தேவையின்மைக்கும், எத்தனையோ லட்சம் அதிர்வுகளைத் தாங்கும் நீண்ட உழைப்புக்கும். இடங்கொடைக்காக மட்டும் என்றால் நல்ல டயரை வாங்கிவிட்டு மீதிப் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.”

விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் அந்தத் தொடரையும் இப்போது தமிழில் சொல்ல முடிகிறது: பக்கவாட்டில் விறைப்பு, செங்குத்தில் இடங்கொடை. முறுக்கு விசைக்கும் இதே சொல்லை நீட்டி ‘முறுக்கு இடங்கொடை’ எனலாம். ஆனால் அங்கே இடப்பெயர்ச்சிக்குப் பதில் கோணம் வருவதால் அலகு மாறும். அந்த இடத்தில் மட்டும் இச்சொல் தாங்குமா என்பதில் எனக்கே முழு நிறைவு இல்லை. பேராசிரியர் ஐயா அவர்களும் யாழ்ப்பாணத்து அக்காவும் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். 2027-இல் பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர மிதிவண்டி ஓட்டத்தின் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் ஓட்ட நினைக்கும் நம்மவர் சிலர் இந்த ஆண்டே வண்டி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதால், கட்டுரை சீக்கிரம் வெளிவருவது நல்லது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்