புதுப்பிப்பு: 10 மைக்ரான் பிஇசட்டி படலம், விரிசல் நின்றது

சோல்-ஜெல் (சோல் என்ற கரைசலைப் பூசி, காயவைத்து, சுடும் முறை) பிஇசட்டி (ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பீசோமின் பீங்கான்; அழுத்தினால் மின்னழுத்தம் தரும்) படலம் சுடும்போது விரிசல் விடுவதாகப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். காரணம் இதுதான்: வெறும் சோல் காயும்போது சுருங்கும், அடியில் ஒட்டியிருக்கும் சிலிக்கான் தகடு சுருங்க விடாது. சுட்டு, மைக்ரானுக்குக் கீழே அரைத்த பிஇசட்டி பொடியைச் சோலில் கலந்ததும் சரியானது. பொடி மறுபடி சுருங்காதே.

ஒவ்வொரு பூச்சையும் 400 டிகிரியில் எரித்து, கடைசியில் 700-இல் சுடலாம். ஆனால் பொடிகளுக்கு நடுவே துளைகள் நிற்கும். அவற்றை அப்படியே விட்டால் போலிங் (உயர் மின்புலம் கொடுத்துத் துருவப்படுத்துதல்) செய்யும்போது மின்முனைகள் ஷார்ட் ஆகிவிடும். நாலைந்து பூச்சுக்கு ஒருமுறை நீர்த்த சோலைத் துளைகளில் ஊறவிட்டு, தகட்டைச் சுழற்றுங்கள், இதுதான் உயிர்நாடி. ஈயம் ஆவியாகும், 10 சதவீதம் கூட்டிப் போடுங்கள்.

திருநெல்வேலி ஐப்பசி மழை ஈரத்தில் சோல் சீக்கிரமே ஜெல்லாக இறுகிவிடும். இறுகுவதைத் தாமதப்படுத்தும் அசிட்டைல் அசிட்டோன் சேர்த்து, புட்டியை இறுக மூடிவையுங்கள். ஈயம் உள்ள இந்தப் பொடியைக் கையுறை, முகமூடி இல்லாமல் தொடவே வேண்டாம்.