ஊத் (அரபுத் தந்தி வாத்தியம்) கற்கிறேன், பதிவை மெதுவாக ஓட்டினால் தந்தி மாறிப் போகிறது. அவசரம், உதவவும்

புதுவயல்_புதுசு
எல்லாருக்கும் வணக்கம். குவைத்திலிருந்து அத்தான் ஓர் ஊத் கொண்டுவந்து கொடுத்தார். சொல்லிக்கொடுக்க இந்தப் பக்கம் ஆள் இல்லை. காரைக்குடியில் விசாரித்தால் வீணையா கிதாரா என்று கேட்கிறார்கள். அதனால் பாடப் பதிவுகளைக் கேட்டுத்தான் பழகுகிறேன். வேகமாக இருக்கிறதே என்று மெதுவாக ஓடவிட்டால் ஜி தந்தியில் வர வேண்டியது டி தந்தியில் வருகிறது. ஊத் கெட்டுவிட்டதா? சனிக்கிழமை அத்தான் வருகிறார், ஏதாவது வாசித்துக் காட்ட வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

கோட்டையூர்_அக்கா
எந்த மென்பொருள்? போனா, கணினியா? எவ்வளவு மெதுவாக? ஊத்தை எப்படிச் சுருதி சேர்த்திருக்கிறீர்கள், அரபு முறையா துருக்கி முறையா? இவை தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது தம்பி.

செக்காலை_சவுண்டு
எங்கே உட்கார்ந்து வாசிக்கிறீங்க, முற்றத்தைச் சுற்றிய வளவிலா? ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை, ஒரு தட்டு தட்டினால் நாலு பக்கமும் திரும்பி வரும். போனில் சுருதி பார்க்கிற டியூனர் அதில் குழம்பத்தான் செய்யும். உள்ளறையில் மெத்தை, தலையணை இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்க. கல்யாண வீடுகளில் மைக் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

மேளகர்த்தா72
இதெல்லாம் இங்கே பலமுறை பேசி முடித்த விஷயம். தேடல் பெட்டி அலங்காரத்துக்கு வைக்கப்படவில்லை. வீணையில் இருப்பது போன்ற மெட்டுக் கட்டையே இல்லாத வாத்தியத்தைக் கையில் எடுப்பவருக்கு முதலில் சுருதி ஞானம் வேண்டும். சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடத் தெரியுமா? தெரியாது என்றால் மென்பொருள் என்ன செய்யும்?

கடல்தாண்டி
எனக்குக் காரணம் தெரியும். இது துருக்கிப் பாடம். துருக்கி நொட்டேஷனில் (சுரம் எழுதும் முறை) எழுதியிருப்பதைவிட ச–ம தூரம், அதாவது ச-விலிருந்து ம வரையுள்ள இடைவெளி, கீழேதான் ஊத் ஒலிக்கும். ஜி-க்கும் டி-க்கும் அதே தூரம்தானே? அரபு முறைப் பாடத்துக்கு மாறுங்கள், சரியாகிவிடும்.

புதுவயல்_புதுசு
மடிக்கணினி, அடாசிட்டி. மேலே இருக்கும் வேக ஸ்லைடரை 0.75-இல் வைப்பேன். தந்தி தடித்ததிலிருந்து சி எஃப் ஏ டி ஜி சி. மெல்லிய சி-யில் வர வேண்டியது ஜி-யில், ஜி-யில் வர வேண்டியது டி-யில். ஆனால் ஏ தந்தியில் வர வேண்டியது மட்டும் எஃப்-இலும் பொருந்தாமல் உதைக்கிறது.
இன்னொன்று. ராஸ்த் (ராகம் மாதிரி ஓர் அரபு மகாம்) பயிற்சி ஒன்றை மியூஸ்ஸ்கோர் என்ற சுரம் எழுதும் மென்பொருளில் தட்டி ஓடவிட்டேன். ஈ சுரம் மட்டும் பதிவில் கேட்கிற மாதிரி இல்லை, கூர்மையாக இருக்கிறது.

கோட்டையூர்_அக்கா
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஊத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஸ்லைடர் வேகத்தோடு சுருதியையும் சேர்த்தே இறக்கும். 0.75 என்றால் அதிர்வு எண்ணும் முக்கால் ஆகிவிடும். ம-வுக்கும் ச-வுக்கும் விகிதம் 4:3. அதனால் மொத்தப் பதிவும் சரியாக ஒரு ச–ம தூரம் இறங்கிவிடுகிறது. ஊத்தில் பெரும்பாலான தந்திகளுக்கு இடையே இருப்பதும் அதே தூரம், ஆகவே பாட்டு அப்படியே பக்கத்துத் தந்தியில் போய் உட்காருகிறது. எஃப்-க்கும் ஏ-க்கும் நடுவில் மட்டும் ச–க தூரம்தான், அரைச் சுரம் குறைவு. அங்கே உதைப்பது அதனால்தான். 0.8-இல் வைத்திருந்தால் ஏ தந்தியைத் தவிர மற்றவை எதுவும் பக்கத்துத் தந்தியில் பொருந்தாமல் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்!

செய்ய வேண்டியது: ஸ்லைடரை 1-க்குக் கொண்டுவாருங்கள். படிக்க வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ, அதில் −25. வேகம் மட்டும் குறையும், சுருதி அசையாது. புதிய பதிப்பாக இருந்தால் எல் விசையை அழுத்தி அந்த இடத்தையே சுற்றவிடலாம். இரண்டு வரிக்கு மேல் சுற்றில் வைக்காதீர்கள், காது சோம்பிவிடும். பாதி வேகத்துக்குக் கீழேயும் போக வேண்டாம். ரீஷாவால் (ஊத் மீட்டும் கோல்) வேகமாக அடிக்கும் இடங்கள் கொழகொழவென்று கேட்கும், எது மேலடி எது கீழடி என்றே தெரியாது.

கடல்தாண்டி
நான் இன்னும் துருக்கி என்றுதான் நினைக்கிறேன்.

கோட்டையூர்_அக்கா
துருக்கி நொட்டேஷன் என்றால் முழு வேகத்திலும் தந்தி மாற வேண்டுமே அண்ணே. அவர் பதிவைக் கேட்கிறார், தாளைப் பார்த்து வாசிக்கவில்லை. தம்பி, முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஈ. சி-யில் தொடங்கும் ராஸ்த்தில் ஈ-யும் பி-யும் அரை ஃபிளாட், அதாவது கால் சுரம் கீழே. நீங்கள் சாதாரண ஈ போட்டிருப்பீர்கள், அது போட்டதை வாசிக்கிறது. அந்தச் சுரத்தைச் சொடுக்கினால் பண்புகளில் டியூனிங் என்று சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் ஒரு பெட்டி இருக்கும். −50 கொடுங்கள். பி-க்கும் அப்படியே.

மேளகர்த்தா72
ராஸ்த் என்பது நம் சங்கராபரணம்தான். அந்தர காந்தாரத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் போதும். இதற்கு ஏன் சென்ட், பைசா எல்லாம்?

தந்தி_தாத்தா
சங்கராபரணம் எப்படி ஐயா ஆகும்? ராஸ்த்தின் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் (சிறிய க) அந்தர காந்தாரத்துக்கும் (பெரிய க) நடுவில் நிற்கிறது. அதிலும் துருக்கிக்காரர்கள் அந்தரத்திலிருந்து கோமா என்ற ஒரு சிறு அளவு, ஏறக்குறைய 23 சென்ட்தான் இறக்குவார்கள். அரபு நாடுகளில் இன்னும் கீழே. 1932-இல் கெய்ரோவில் மாநாடு கூட்டி வாதாடியும் சுர அளவு ஒரு முடிவுக்கு வரவில்லை, நீங்கள் ஒரே வரியில் முடிக்கிறீர்கள். −50 கூட ஒரு தொடக்கம்தான், கடைசியில் பதிவைக் கேட்டுக் காதால்தான் வைக்க வேண்டும்.

மேளகர்த்தா72
காதால் என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. காரைக்குடி சகோதரர்கள் எந்த ஸ்லைடரை வைத்து வீணை சாதகம் செய்தார்கள்?

செக்காலை_சவுண்டு
அவர்களில் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பாராமே? படம் பார்த்திருக்கிறேன்.

தந்தி_தாத்தா
ஆமாம், அண்ணன் நிமிர்த்தி, தம்பி சாம்பசிவய்யர் படுக்க வைத்து. ஆனால் அவர்கள் குடும்பத்தில் பல தலைமுறையாக வீணை, வீட்டிலேயே குரு. புதுவயலில் ஊத் சொல்லித்தர யார் இருக்கிறார்? இந்தப் பையனுக்கு அந்தச் சுற்றுதான் குரு.

மேளகர்த்தா72
சுற்று தவறைத் திருத்தாது.

கோட்டையூர்_அக்கா
அது உண்மை. தம்பி, நீங்கள் வாசிப்பதையும் அடாசிட்டியிலேயே பதிந்து, பாடத்துக்குக் கீழே வைத்துக் கேளுங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு பதியுங்கள், இல்லையென்றால் பாடமும் மைக்கில் ஏறிவிடும்.

செக்காலை_சவுண்டு
வளவில் வேண்டாம்.

புதுவயல்_புதுசு
முழு வேகத்தில் தந்தி சரியாக இருக்கிறது. சேஞ்ச் டெம்போவும் வேலை செய்கிறது. நன்றி அக்கா. அத்தான் நாளைக்கே வருகிறாராம், பிறகு வருகிறேன்.

தந்தி_தாத்தா
ஈ என்ன ஆயிற்று?

மேளகர்த்தா72
வர மாட்டார். ராஸ்த்–சங்கராபரணம் பற்றித் தனி இழை திறக்கிறேன், தாத்தா அங்கே வரவும்.