18,000 ரூபா கீபோர்டு, ஒரு கீ ரெண்டு தடவை விழுது. வச்சுக்கலாமா, திருப்பிடலாமா? அவசரம்

கோவை_நைட்ஷிப்ட்:
நண்பர்களே, அவசர உதவி. நம்பர்பேடைத் தனியா கழட்டி இடதுபக்கமும் மாட்டிக்கிற மாடுலர் கேமிங் கீபோர்டு வாங்கி 9 நாள் ஆச்சு. நேத்திலிருந்து 'மகன்'னு அடிச்சா 'மக்கன்'னு வருது. எப்பவும் இல்ல, பத்துல ரெண்டு மூணு தடவை. ஞாயிறோட ரிட்டர்ன் தேதி முடியுது. இந்தக் காசுக்கு இது தேறுமா? சீக்கிரம் சொல்லுங்க.

சுவிட்ச்_பித்தன்:
எந்த சுவிட்ச் (கீகேப்புக்கு அடியில அழுத்தத்தை உணர்ற பாகம்)? மெக்கானிக்கலா, மேக்னடிக்கா? மேக்னடிக்னா உள்ள உலோகம் உலோகத்தைத் தொடுற வேலையே இல்ல, காந்தப்புலத்தைத்தான் படிக்கும். அதுல இந்த மாதிரி ரெட்டை விழறது அபூர்வம்.

ஈரோடு_பிசி:
விண்டோஸா, லினக்ஸா? கேபிளா, வயர்லெஸ்ஸா? யுஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலதா பிரிக்கிற பெட்டி) வழியா மாட்டியிருந்தா முதல்ல அதைக் கழட்டிட்டு நேரா கம்ப்யூட்டர்ல குத்துங்க ப்ரோ. நான் பார்த்த கீபோர்டு பிரச்சனைல முக்கால்வாசி ஹப்தான்.

மூத்தவர்_99:
தம்பி, இது கீபோர்டு கோளாறே இல்ல. தமிழ்99ங்கிற தமிழ் விசைப்பலகை முறையோட விதி. ஒரே மெய்யை அடுத்தடுத்து ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். 'க'வை ரெண்டு தடவை தொட்டா 'க்க'. 1999-ல தமிழக அரசு அறிவிச்ச முறை. கையை அழுத்தி வைக்காதீங்க. இதை இங்க பலமுறை விளக்கியாச்சு, தேடிப் பார்த்துட்டுக் கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

கோவை_நைட்ஷிப்ட்:
சார், விதி தெரியும். ஆறு வருஷமா தமிழ்99-லதான் அடிக்கிறேன். இங்கிலீஷ்ல அடிச்சாலும் எச் ரெண்டு தடவை விழுது. கேம்ல எச் கீ வேணாம், அதனால முதல்ல கவனிக்கல. விண்டோஸ், கேபிள், ஹப் இல்ல.

டெஸ்க்_ராணி:
தமிழ்99-ல 'க' இருக்கிறது எச் கீலதான். அப்ப அந்த ஒரு கீதான் சந்தேகம். கீபோர்டு மென்பொருள்ல 'டிபவுன்ஸ்'னு ஒரு அமைப்பு இருக்கா பாருங்க. சுவிட்சுக்குள்ள ரெண்டு உலோகத் தகடு சேரும்போது ஒரு நொடியில ஆயிரத்துல சில பங்கு நேரம் துள்ளும். அந்தத் துள்ளலை ஒரே அழுத்தமா எண்ணத்தான் அந்த இடைவெளி. கேமிங் போர்டுல வேகத்துக்காக அதை 1 மில்லிசெகண்டுக்குக் குறைச்சு வச்சிருந்தா 5-க்கு ஏத்திப் பாருங்க.

சுவிட்ச்_பித்தன்:
ஏத்தினா மூடி மறைக்கிறதுதான். கோளாறு உள்ளேயேதான் இருக்கும். ரிட்டர்ன் தேதி போனப்புறம் திரும்ப வரும். அண்ணா, ஒண்ணு உண்மையா சொல்லுங்க: நீங்க சுவிட்ச் மாத்தினீங்களா?

கோவை_நைட்ஷிப்ட்:
ஆமா. சொல்லணும்னு தோணல. கூட வந்தது ரெட் மாதிரி லீனியர் (தடையில்லாம நேரா இறங்குற வகை), ரொம்ப மெல்லிசா இருந்துச்சு. தனியா வாங்கின பிரவுன் மாதிரி டேக்டைல் (அழுத்தும்போது நடுவுல விரலுக்கு ஒரு மேடு தெரியுற வகை) போட்டேன். நேத்து ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் மாத்தினேன்.

சுவிட்ச்_பித்தன்:
'நேத்திலிருந்து'ன்னு நீங்களே சொன்னீங்களே! சரி, இப்படிப் பண்ணுங்க. வயரைக் கழட்டுங்க. எச் கீகேப்பை எடுத்து, புல்லரால (சுவிட்ச் பிடுங்குற கருவி) சுவிட்சை நேரா மேல இழுங்க. கவிழ்த்தா செப்பு நிறத்துல ரெண்டு மெல்லிய கால் தெரியும். ரெண்டும் நட்டுக்குத்தலா நிக்கணும். ஒண்ணு சாய்ஞ்சிருந்தாலோ, இறக்கும்போது மடங்கி அடியில ஒட்டியிருந்தாலோ தொடுப்பு விட்டு விட்டுக் கிடைக்கும்.

கால் நேரா இருந்தா, அந்த சுவிட்சை பாஸ் (Pause) கீ இருக்கிற இடத்துக்கு மாத்துங்க, அங்க இருந்ததை எச்ல போடுங்க. கோளாறு சுவிட்சோட போனா சுவிட்ச்தான் மோசம், போர்டு நல்லது. எச்லேயே நின்னா சாக்கெட் (சுவிட்ச் கால் நுழையுற இடம்) அல்லது போர்டுதான் மோசம். அப்ப யோசிக்காம திருப்பிடுங்க. சுவிட்சைச் சாய்ச்சு அடிச்சு இறக்காதீங்க, சாக்கெட்டே பெயர்ந்து வந்துடும். அப்புறம் சால்டரிங் அயர்ன்தான் கதி.

டெஸ்க்_ராணி:
திருப்பறதா இருந்தா கூட வந்த பழைய சுவிட்ச் எல்லாத்தையும் திரும்ப மாட்டித்தான் அனுப்பணும். அதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்குங்க.

ஃபொனடிக்_ரசிகை:
இதுக்குத்தான் நான் ஃபொனடிக்கே (இங்கிலீஷ் எழுத்துல ஒலியை அடிச்சா தமிழா மாறுற முறை) அடிக்கிறேன்.

மூத்தவர்_99:
'அம்மா'வுக்கு உங்களுக்கு அஞ்சு தட்டு. தமிழ்99-ல நாலு. 'மகன்' எங்களுக்கு நாலு, உங்களுக்கு அஞ்சு. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் அடிக்கிறவனுக்கு இது விரல் வலி சம்பந்தப்பட்ட விஷயம்.

ஃபொனடிக்_ரசிகை:
தட்டை எண்ணி என்ன பண்ண? நான் வேலை முழுக்க இங்கிலீஷும் தமிழும் மாத்தி மாத்தி அடிக்கிறேன். ஒரே விரல் பழக்கம் போதும்.

மூத்தவர்_99:
தமிழைத் தமிழாவே நினைச்சு அடிக்கணும்மா. 'க'வுக்கு ஒரு கீ இருக்கும்போது எதுக்கு இங்கிலீஷ் எழுத்து வழியா சுத்திட்டு வரணும்?

ஈரோடு_பிசி:
இதுக்குத் தனி இழை போட்டுக்கலாமே. ப்ரோ, உங்க போர்டுல போலிங் ரேட் (ஒரு நொடிக்கு எத்தனை தடவை கீபோர்டு கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லுதுங்கிற கணக்கு) 8000 இருக்கா? 1000-ல வச்சுப் பாருங்க. 1000-னா 1 மில்லிசெகண்ட், 8000-னா 0.125. டைப்பிங்குக்கு அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியவே தெரியாது, சிபியுக்குத்தான் சுமை.

சுவிட்ச்_பித்தன்:
ரெட்டை விழறதுக்கும் போலிங்குக்கும் சம்பந்தமில்ல. அவர் சுவிட்சைக் கழட்டிப் பார்த்துட்டு வரட்டும்.

கோவை_நைட்ஷிப்ட்:
பார்த்தேன். கால் ரெண்டும் நேராத்தான் இருந்துச்சு. பாஸ் கீக்கு மாத்தினேன், இப்ப பாஸ் கீதான் ரெண்டு தடவை விழுது, எச் சரியாயிடுச்சு. இருபது தடவை 'மகன்' அடிச்சுப் பார்த்தேன், மகன்தான் வந்தான். போர்டை வச்சுக்கிறேன். பித்தன் அண்ணாவுக்கு ரொம்ப நன்றி.

டெஸ்க்_ராணி:
நல்லது. போறதுக்கு முன்னாடி ஒண்ணு: நம்பர்பேடை இடதுபக்கம் மாட்டினா அந்தக் காந்த இணைப்பு கெட்டியா நிக்குதா, ஆடுதா? நானும் அதையேதான் வாங்க யோசிக்கிறேன்.

டெஸ்க்_ராணி:
கோவை நண்பரே, இருக்கீங்களா?